ஏர்கோன் துப்புரவுத் தொடக்க விழா

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது கருணைத் துளி ரத்தச் சுத்திகரிப்பு நிலையம். அதற்குள் நுழைகிறவர் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருப்பது நல்லது. கண்ணாடிக் கதவில் அதைக் கொடுத்தவரின் பெயர் இருக்கும். சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்தவருக்கு நீளமான பெயர் என்பதால் ஐந்து முதல் எட்டு வரையிலான எண்கள் அவர் பெயருக்குள் போய்விட்டன. குழல் விளக்குகளில் சிவப்பு மையில் உபயதாரர்கள் எழுதப்பட்டிருந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து கொடுத்த விளக்கு நான்கு பேரின் அளவுக்கு மங்கலாக எரிந்தது. குப்பைத் தொட்டி மட்டும் பல வருடம் அநாதையாகக் கிடந்தது. போன தேர்தலுக்கு முந்தைய வாரம் அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது.

பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம், ஒருவரின் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆறாம் நாற்காலிக்கு மேலே, சுவரை உடைத்து இரும்புச் சட்டம் வைத்துச் செருகிய ஓர் ஏர்கோன். உடம்பில் பாதி அறைக்குள்ளும் மீதி பின்சந்திலுமாக அது இருபத்தைந்து வருடம் உழைத்திருந்தது. இப்போது இந்த மாதிரியை யாரும் வாங்குவதில்லை. அதன் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு: 'அமரர் ஐயாசாமி நினைவாக.' அந்தத் தகட்டின் கீழிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டிய இடத்தில் பிரேமலா உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. கையில் போட்ட நரம்பு இணைப்பு பங்குனியில் அடைத்துக்கொண்டதால், கழுத்தடியில் குழாய் வைத்து அதன் வழியாக ரத்தம் எடுத்தார்கள். அந்த இடம் நனையவே கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் தலைக்குக் குளிப்பதையே விட்டுவிட்டாள். ஏர்கோன் தண்ணீர் அவளுடைய இடது தோளில், குழாயை மூடிய பிளாஸ்திரிக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. சில நாள் அரைச் சாண்.

அவள் கணவன் மகேஸ்வரனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. பத்தொன்பது வருடமாக அவன் செய்துவந்தது ஏர்கோன் பராமரிப்பு. வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே ஒரு மெஷினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். இதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

"மிஸ்ஸி, இது ஒண்ணும் பெரிய ரிப்பேர் இல்ல," என்றான், நிலையத்தின் மூத்த தாதி கஸ்தூரியிடம். "உள்ள தட்டுல பாசி புடிச்சி ஓட்டை அடைச்சிருக்கு. பின்னால போக வேண்டிய தண்ணி முன்னால வருது. ஞாயித்துக்கிழமை நீங்க மூடியிருக்கறப்ப வந்து, வெளிய இழுத்துக் கழுவி, திரும்ப மாட்டிட்டுப் போறேன். ரெண்டு மணி நேரம். காசு வேணாம்."

கஸ்தூரி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"காசு வேணாம்னு சத்தமா சொல்லாதீங்கண்ணே. இங்க அதுதான் பிரச்சினையே."

நிலையத்தை நடத்துவது ஜொகூர் தென்முனைத் தமிழர் சேவா மன்றம். அதன் தலைவர் சதாசிவம் ஓய்வு பெற்ற அரசு அதிகாரி. முப்பத்தொரு வருடம் ஒரு இலாகாவின் கோப்பு அறையைப் பார்த்துக்கொண்டவர். அவர் காலத்தில் ஒரு கோப்பும் தொலைந்ததில்லை, நகர்ந்ததும் இல்லை. மன்றத்தின் அலுவலகம் மாடியில் இருந்தது. அங்கே புது ஏர்கோன். தலைவர் உள்ளே கோட்டு போட்டிருந்தார்.

"உங்க நல்ல மனசு எங்களுக்குப் புரியுது தம்பி," என்றார். "ஆனா நல்ல மனசுக்கும் ஒரு நடைமுறை இருக்கு. நீங்க பாட்டுக்கு வந்து கழுவிட்டுப் போயிட்டா, கழுவுனது யாருக்குத் தெரியும்?"

"குளிர்ச்சியா இருக்கும் ஐயா. அதுலயே தெரிஞ்சிடும்."

"குளிர்ச்சியைப் படம் எடுக்க முடியுமா?"

மகேஸ்வரன் யோசித்துப் பார்த்தான். முடியாதுதான்.

செயலாளர் தயானந்தன் ஒரு படிவத்தை நீட்டினார். காப்புறுதி முகவரான அவருக்குக் கையில் படிவம் இல்லாமல் பேச வராது. "மிஸ்டர் மகேஸ்வரன், ரூல்னு ஒண்ணு இருக்கு லா. எந்த வேலையா இருந்தாலும் மூணு கொட்டேஷன் வேணும். உங்களோடது ஒண்ணு. இன்னும் ரெண்டு ஆள் குடுக்கணும்."

"நான் சும்மாதானே செய்யறேன்?"

"அதான். உங்களைவிடக் கம்மியா யாராச்சும் செய்யலாமில்ல?"

ஆலையில் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரிடம் மகேஸ்வரன் எழுதி வாங்கி வந்தான். இருவரும் இலவசம் என்றுதான் எழுதினார்கள். ஒருவர் மட்டும் தன் தேநீரைத் தானே கொண்டுவருவதாகச் சேர்த்திருந்தார். மூன்று தாளையும் வைத்துக்கொண்டு செயற்குழு மூன்று வாரம் விவாதித்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற இருவருக்கு அநீதி. கடைசியில் பக்கத்துக் கோயிலில் தாள்களை அம்மன் பாதத்தில் வைத்துப் பூக்கேட்டார்கள். தேநீர்க்காரர் தாளில் பூ விழுந்தது. அதற்குள் அவர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார். அம்மன் வாக்கை மீறுவதா என்று இன்னொரு கூட்டம் நடந்தது. அதில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் மகேஸ்வரன் தேர்வானான். தலைவர் நேரில் வாழ்த்தினார்.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமை வரட்டா ஐயா?"

"அவசரப்படக் கூடாது. அது அமரர் ஐயாசாமி குடும்பத்தோட உபயம். அவங்க சம்மதம் வேணும்."

ஐயாசாமியின் மகள் ஷாந்தினி மெல்பர்னில் இருந்தாள். தயானந்தன் அவளுக்கு இரண்டு பக்கத்தில் வாட்ஸ்அப் அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'அந்த ஏர்கோன் இன்னுமா இருக்கு? தூக்கிப் போடுங்க அங்கிள்.' செயற்குழுவில் தலைவர் அதை உரக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருடம் ஆகியும் மகளின் துக்கம் ஆறவில்லை, உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறார், இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்றார். மனம் தேறட்டும் என்று ஒரு மாதம் விட்டார்கள்.

கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரி தன் குடையைக் கொண்டுவந்து ஆறாம் நாற்காலியின் கம்பியில் துணியால் கட்டினாள். பிரேமலா அதன் அடியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா," என்றாள் கணவனிடம், "சாமிக்கும் எனக்கும்தான் குடை."

"வேற நாற்காலி கேட்டுப் பாக்கவா?"

கேட்டுப் பார்த்தான். ஆறாம் நாற்காலி உதவித் திட்டத்தின் கீழ் வருகிறது, மற்ற நாற்காலிகளின் உபயதாரர்கள் வேறு என்றார் தயானந்தன். பிரேமலா நகர வேண்டுமானால் அவளுடைய உதவி விண்ணப்பத்தைத் தொடக்கத்திலிருந்து மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதுவரை சிகிச்சை கிடையாது. மகேஸ்வரன் நன்றி சொல்லிவிட்டு ஒரு புகார்ப் படிவம் கேட்டான். படிவம் உடனே கிடைத்தது. அந்த நிலையத்தில் உடனே கிடைத்தது அது ஒன்றுதான். நோயாளியே கையெழுத்திட வேண்டும் என்பதால் பிரேமலா வலது கையால் போட்டாள். 'நாற்காலி எண்: 6. புகார்: தண்ணீர் சொட்டுகிறது.' அந்த வருடம் அவள் போட்ட ஐந்தில் அது முதலாவது. இரண்டாவதுக்குப் பலன் இருந்தது. சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு வாளி வைத்தார்கள். வாளியில் உபயதாரரின் பெயர் இருந்தது. பெயர் தெரியும்படி வாளியைத் திருப்பி வைத்ததில், தண்ணீர் அதற்கு வெளியே விழுந்தது.

ஒரு மாதம் கழிந்து, ஷாந்தினியின் மனம் தேறியிருக்கும் என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில எப்படிப்பா?" என்றார் சதாசிவம்.

"ஐயா, இது கல்யாணம் இல்ல. ஏர்கோன் கழுவுறது."

"நல்ல காரியம்தானே?"

"நல்ல காரியம்தான்."

"அப்ப ஆடியில கூடாது."

ஆடி மூன்றாம் வாரத்தில் பிரேமலாவுக்கு இருமல் வந்தது. முன்பக்கச் சல்லடையில் விரல் கனத்துக்குக் கருந்தூசு. காற்று அதன் வழியாக வந்து அவள் முகத்தில் பட்டது. அந்தச் சனிக்கிழமை மகேஸ்வரன் யாரும் பார்க்காதபோது ஈரத்துணியால் சல்லடையின் முன்பக்கத்தைத் துடைத்தான். ஒரு நிமிட வேலை. துணி தார் பூசியதுபோல் ஆனது. காற்றும் கொஞ்சம் நன்றாக வந்தது.

திங்கட்கிழமை அவனை மாடிக்கு அழைத்தார்கள். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேசையின் நடுவில், பிளாஸ்டிக் உறையில் அவனுடைய துணி.

"இது உங்களோடதா?" என்றார் தயானந்தன்.

"ஆமா."

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு தெரியுதா மிஸ்டர் மகேஸ்வரன்? விழாவுக்கு 'முன்', 'பின்'னு ரெண்டு படம் போடறோம். டத்தோ ரூபேந்திரன் வந்து துவக்கி வைக்கறார். 'முன்' படத்துல தூசு இருக்கணும். இப்ப டத்தோ வந்தா எதைப் பாப்பார்? சுத்தமான ஏர்கோனைப் பாக்கறதுக்கா அவர் அவ்ளோ தூரம் வரணும்?"

"பின்னால இன்னும் நெறைய தூசு இருக்கு."

"கேமராவுக்கு முன்னாலதானே தெரியும்?"

தலைவர் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, உங்களைத் தண்டிக்கணும்னு யாரும் நினைக்கல. அசல் நிலை திரும்பணும், அவ்வளவுதான். நீங்களே செஞ்சிடுங்க. உங்களுக்குத்தான் மெஷின் பழக்கம். இல்லாட்டி ஆறாம் நாற்காலி விஷயத்தை நாங்க மறுபரிசீலனைக்கு எடுத்துக்க வேண்டி வரும். அது எங்களுக்கும் கஷ்டம்."

செவ்வாய்க்கிழமை காலை, சாமான் அறையின் பழைய மின்விசிறியிலிருந்து சுரண்டிய தூசு ஒரு கடித உறையில் வந்தது. மகேஸ்வரன் முக்காலியில் ஏறி, கொஞ்சம் எண்ணெய் தொட்டு, அதைச் சல்லடையில் அப்பினான். செயலாளர் கைப்பேசியில் பழைய படத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேமலா குடைக்கு அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாத் தடவுங்க," என்றாள். "வலது ஓரத்துல விட்டுட்டீங்க."

அவன் வலது ஓரத்திலும் தடவினான்.

அன்று காரில் வீட்டுக்குத் திரும்பினார்கள். போக்குவரத்து விளக்கில் நின்றபோது அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த தூசைத் தட்டிவிட்டாள். "விடுங்க லா," என்றாள். "விழா முடிஞ்சா கழுவிடுவீங்கல்ல. எனக்கு அது போதும்."

விழா நாள் மூன்று முறை மாறியது. முதலில், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரான ரூபேந்திரன் திருப்பதிக்குப் போனார். பிறகு அவருடைய மருமகனுக்குப் பட்டமளிப்பு. மூன்றாவது தேதியில் டத்தோ வருவதாக இருந்தார். பதாகையில் அவருடைய படம் தலைவர் படத்தைவிடச் சிறிதாக அச்சாகிவிட்டதென்று மன்றமே தள்ளிப்போட்டது. கடைசியில் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அமைந்தது. அழைப்பிதழின் அட்டை தடிமனாக இருந்தது. மகேஸ்வரன் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். பொடி எழுத்தில் இருந்தது: 'துப்புரவுப் பணி, பிறிதொரு நாளில் நடைபெறும் நிறைவு விழாவை ஒட்டித் தகுந்த நேரத்தில் மேற்கொள்ளப்படும்.'

"இன்னிக்குக் கழுவ மாட்டாங்களா?" என்றான் தயானந்தனிடம்.

"இது தொடக்க விழா மிஸ்டர் மகேஸ்வரன். தொடக்க விழாவுல யாராச்சும் முடிப்பாங்களா?"

விழா எட்டு மணிக்கு. நோயாளிகளின் சிகிச்சையை டத்தோ வந்த பிறகே தொடங்க வேண்டும், குழாயில் ரத்தம் ஓடுவது படத்தில் வர வேண்டும் என்பது உத்தரவு. டத்தோ பத்தேகாலுக்கு வந்தார். பன்னிரண்டு பேரும் அதுவரை காத்திருந்தார்கள். முதல் நாள் இரவிலிருந்தே பிரேமலாவுக்கு உடம்பு சூடாக இருந்தது. "காய்ச்சல் மாத்திரை போட்டிருக்கேன். இன்னிக்கு வரலைன்னா பேரை எடுத்துடுவாங்க," என்றுதான் கிளம்பி வந்திருந்தாள்.

விருந்தினர்கள் கார் நிறுத்துவது பின்சந்தில். எனவே பதாகையைப் பின்சுவரில் கட்டியிருந்தார்கள். பதினைந்து அடி அகலம்; நடுவில் டத்தோ, பக்கத்தில் தலைவர், கீழே செயற்குழுவினரும் உபயதாரர்களுமாக இருபத்து மூன்று முகங்கள். சுவரில் ஒரு செங்கல்கூடத் தெரியவில்லை. ஏர்கோனின் பின்பாதியும் தெரியவில்லை. மகேஸ்வரன் அதைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணே, மெஷினோட சூடு வெளிய போகணும். பதாகை மூடியிருக்கு. கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க."

"தள்ளினா டத்தோ நடுவுல வர மாட்டார்," என்றார் தயானந்தன்.

உள்ளே ஏர்கோனுக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மாலை சல்லடையோடு ஒட்டிக்கொண்டு, இதழ் இதழாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பித்தளைத் தகட்டுக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். மகேஸ்வரனுக்கு 'துப்புரவுத் தொண்டர்' என்று அச்சடித்த சட்டை கொடுத்து, கையில் ஒரு தாம்பாளத்தையும் கொடுத்திருந்தார்கள். தாம்பாளத்தில் பட்டுத்துணி. அதன் மேல் குங்குமம் வைத்த ஒரு திருப்புளி. அதை அவன் தொடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

வெளியேற வழியில்லாத சூடு அறைக்குள்ளேயே சுற்றியது. கோட்டு போட்ட கனவான்கள் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டார்கள். சதாசிவம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இன்று நாம் காணும் இந்தத் தூசு சாதாரணத் தூசு அல்ல. ஐந்து மாத காலம் இந்த மன்றம் கண்ணுங்கருத்துமாகப் பாதுகாத்த தூசு. ஒரு குறையைத் தீர்ப்பது எளிது. யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அதை ஒரு விழா அளவுக்கு வளர்த்தெடுப்பதுதான் கடினம். நம்மவர் பலர் குறைகளை அவசரப்பட்டுத் தீர்த்துவிடுகிறார்கள். அதனால்தான் சமுதாயத்துக்கு எதுவும் மிஞ்சுவதில்லை."

கைத்தட்டல் எழுந்தது. நோயாளிகளும் தட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஒரு கையில் ஊசி இருந்ததால் தொடையில் தட்டினார்கள்.

அடுத்து டத்தோ ரூபேந்திரன். மணல் வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப ஏர்கோனைப் பாத்ததே இல்ல. இன்னிக்கு என் வீட்டுல மட்டும் பதினேழு இருக்கு. எப்படி வந்துச்சி? உழைப்பு. சும்மா உக்காந்திருந்தா வருமா? வராது." அவர் பன்னிரண்டு நாற்காலிகளையும் அன்போடு பார்த்தார். "நீங்களும் எழுந்து உழைக்கணும்."

பிறகு முதல்நீர்ச் சடங்கு. ஆயர் ஈத்தாம் குயவர்களிடம் சொல்லிச் செய்த மண்குடத்தில் பன்னீர். டத்தோ அதில் மாவிலையை முக்கி, ஓடிக்கொண்டிருந்த ஏர்கோன் மீது மூன்று முறை தெளித்தார். மெஷின் ஒரு தடவை இருமியது. மகேஸ்வரன் அந்தச் சத்தத்தை அறிந்தவன். திரும்பினான். அப்போதுதான் பிரேமலாவைப் பார்த்தான்.

அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். முதலில் தாடை, பிறகு தோள், பிறகு நாற்காலியே அதிர்ந்தது. அறையில் எல்லோருக்கும் வியர்வை வழிந்தது. அவளுக்கு மட்டும் பற்கள் கிட்டி, உதடு நீலமாகியிருந்தது.

தலைவர்தான் அதை முதலில் மற்றவர்களுக்குக் காட்டினார்.

"பாருங்கள், பாருங்கள்! டத்தோ அவர்களின் கைநீர் பட்ட மாத்திரத்தில் நமது பயனாளி குளிரில் நடுங்குகிறார். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?"

கைத்தட்டல் நிற்க வெகுநேரமானது. டத்தோ மனம் நெகிழ்ந்து, தனக்குப் போர்த்திய பொன்னாடையை எடுத்து வந்து பிரேமலாவுக்குப் போர்த்தினார். கேமராக்கள் மின்னின. மகேஸ்வரன் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தான்.

"மிஸ்ஸி, நிறுத்துங்க, நிறுத்துங்க."

"நிறுத்திட்டேண்ணே. கிருமி ரத்தத்துல ஏறிடுச்சின்னு நினைக்கறேன். ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சி. அக்கா, என்னைப் பாருங்க. அக்கா."

"பாஸ், கொஞ்சம் ஒதுங்குங்க," என்றார் படம் எடுப்பவர். "உங்க முதுகுதான் விழுது."

ஆம்புலன்ஸ் பின்சந்துக்கு வந்தது. அங்கே டத்தோவின் கார் குறுக்கே நின்றது. ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். பிரேமலாவைத் தள்ளுபடுக்கையில் பதாகையின் முழு நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். இருபத்து ஐந்து முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்தன.

பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் டாக்டர், இந்த மாதிரிக் கிருமி ஈரத்தில்தான் வளரும், உங்கள் வீட்டில் எங்காவது கூரை ஒழுகுகிறதா என்று மகேஸ்வரனைக் கேட்டார். இல்லை என்றான். எட்டாம் நாள் நினைவு திரும்பியபோது அவள், "கழுவியாச்சா?" என்றாள். கழுவியாச்சு என்றான். பன்னிரண்டாம் நாள் விடிவதற்குள் இறந்துவிட்டாள்.

மன்றத்திலிருந்து ஒரு மலர் வளையம் வந்தது. நாடாவில் செயற்குழுவினர் அனைவரின் பெயரும் இருந்தது. அதில் பிரேமலாவின் பெயர் எழுத இடம் போதவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் கஸ்தூரி கூப்பிட்டாள்.

"அண்ணே, வர்ற செவ்வாக்கிழமை ஆறாம் நம்பருக்குப் புது ஆள் வராங்க. ராஜம்மான்னு. ஸ்கூல் கேண்டீன்ல வேலை செய்யறவங்க. அவங்களுக்கும் கழுத்துலதான் குழாய்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை மாத்துச் சாவி என்கிட்டதான் இருக்கும்."

ஞாயிறு காலை அவன் வந்தான். மின்சாரத்தை அணைத்து, முன்முகத்தைக் கழற்றினான். நான்கு திருகாணிகள். கஸ்தூரி ஒரு பக்கம் தாங்க, மெஷினைச் சட்டத்திலிருந்து அறைக்குள் இழுத்து மேசையில் வைத்தார்கள். உள்ளே ரோஜா இதழ்கள் அழுகிக் கிடந்தன. அதன் கீழே சந்தனக் குழம்பு. அதற்கும் கீழே, தட்டு முழுக்க, கொழகொழவென்று பச்சையும் கறுப்புமாகப் பாசி. அவன் அதைக் கரண்டியால் வழித்து எடுத்தான். ஒரு டப்பா நிறைந்தது. சல்லடையைச் சோப்பு நீரில் ஊற வைத்து, தான் அப்பிய தூசைத் தானே தேய்த்து எடுத்தான். வலது ஓரத்தில் அது லேசில் போகவில்லை. சுருளின் தகடுகளை மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாக நீவினான். வளைந்தவற்றைச் சீப்பால் நிமிர்த்தினான். அடைத்திருந்த ஓட்டையில் கம்பியை விட்டான். ஒரு குத்து. அவ்வளவுதான் அடைப்பு. தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது பின்பக்கமாகத் தாராளமாக ஓடியது. திரும்பச் செருகுகையில் பின்பக்கம் அரை விரல் தாழ்வாக இருக்கும்படி கட்டை வைத்தான்.

வெளியே போய்ப் பதாகையைப் பார்த்தான். அவிழ்க்க முடியாதபடி இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, மெஷினின் முதுகு இருக்கும் இடத்தில் சதுரமாக வெட்டினான். டத்தோவின் முகம் போனது. கஸ்தூரி உள்ளே விசையைப் போட்டாள். முகம் இருந்த இடத்திலிருந்து வெப்பக் காற்று வரத் தொடங்கியது.

எல்லாம் சேர்த்து ஒரு மணி ஐம்பது நிமிடம்.

திங்கட்கிழமை மன்றம் போலீசில் புகார் கொடுத்தது. டத்தோவின் வளர்ச்சி பொறுக்காத எதிரணியினரின் சதி என்று தலைவர் பத்திரிகைக்குச் சொன்னார். ஏர்கோன் சொட்டுவது நின்றிருந்ததைச் செயற்குழு இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தது. கைநீரின் பலன் தெரியச் சற்றுக் காலமாகும் என்று தீர்மானம் எழுதினார்கள். பணியே தேவைப்படாமல் பலன் கிடைத்துவிட்டதால், நிறைவு விழாவை மட்டும் நடத்துவதென்று முடிவாயிற்று.

மார்கழியில் மன்றத்தின் ஆண்டறிக்கை மகேஸ்வரன் வீட்டுக்குத் தபாலில் வந்தது. 'துப்புரவுத் தொண்டர்' என்று உபயதாரர் பட்டியலில் அவன் பெயரும் இருந்ததால் அனுப்பியிருந்தார்கள். அட்டையில் வழவழப்பான தாளில் பிரேமலாவின் படம். தோளில் பொன்னாடை, பக்கத்தில் டத்தோ. பற்கள் கிட்டியிருந்தது புன்னகை போலவே விழுந்திருந்தது. கீழே 'பயனாளியின் பூரிப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அவன் அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே புரட்டினான். பதினான்காம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தது:

'ஆறாம் நாற்காலி. துப்புரவுத் தொடக்க விழாவுக்கு முன்னர் வந்த புகார்கள்: ஐந்து. விழாவுக்குப் பின் முப்பது நாள்களில் வந்த புகார்கள்: இல்லை.'

மகேஸ்வரன் அதை இரண்டு முறை படித்தான். மேசை இழுப்பறையைத் திறந்து, அவள் வலது கையால் கையெழுத்திட்ட படிவங்களின் நகல்களை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினான். ஐந்துதான். அறிக்கையில் பிழை எதுவும் இல்லை.